தழை போட ஒரு பொத்தான்

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறிவிடும். அது எங்கள் வீட்டுப் பரம்பரை. ஆலங்காயத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும் நேரத்தில் எங்கள் வீட்டுச் சத்தத்துக்குப் பயந்தே பக்கத்து வீட்டார் முன்னதாக மாதா கோயிலுக்குப் போய்விடுவார்கள். இத்தனை பெரிய வாயை வைத்துக்கொண்டு, திறக்கவேண்டிய ஒரே ஒரு இடத்தில் அதை மூடிக்கொண்டிருந்தேன். அதனால் ஒருத்தியின் புருஷன் செத்துப்போனான். சுற்றி வளைக்காமல் சொல்வதானால் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

பெங்களூரில் மூன்று கம்பெனிகளையும் ஒரு கல்யாணத்தையும் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பிய வருடம், ஜவ்வாது மலைமேல் ஓர் அறக்கட்டளை நடத்திய கணினி வகுப்பில் டீச்சர் வேலை கிடைத்தது. சாமையும் புளியும் விளைவிக்கும் மலைக் குடும்பங்களின் பெண்களுக்கு ஆறு மாதப் பயிற்சி. காலை பஸ்ஸில் மேலே போய், சாயங்கால பஸ்ஸில் இறங்க வேண்டும். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட ஆறு கணினிகள். மழை பிடித்தால் இரண்டு நாளைக்கு நெட் வராது. முதல் வகுப்பில் ஐந்து பெண்கள் சேர்ந்தார்கள்.

ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொடுக்கத்தான் என்னை வைத்தார்கள். ஆனால் அந்த ஐந்து பேரும் பொத்தான்களைச் சூடான தோசைக்கல்லைத் தொடுவதுபோல் தொட்டார்கள். ஓர் எழுத்தை அழுத்திவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். எதையாவது உடைத்துவிடுவோமோ என்ற பயம். பத்து நாள் கத்திப் பார்த்தேன். அவர்களுக்குப் பயம் கூடியதுதான் மிச்சம். பதினோராம் நாள் காலை மழை, நெட் இல்லை. என் பென்டிரைவில் கிடந்த ஒரு பழைய விளையாட்டைப் போட்டுவிட்டேன்.

ரோக்லைக் என்று ஒரு வகை விளையாட்டு உண்டு. படமெல்லாம் கிடையாது, எழுத்தும் குறியும்தான். ஈமெயில் முகவரிக்கு நடுவில் வருமே @ என்று ஒரு சுழி, அதுதான் நாம். # என்பது சுவர். ஆங்கில எழுத்துகள் எல்லாம் நம்மைக் கொல்ல வரும் பிராணிகள். நாம் ஒரு அடி வைத்தால் அவையும் ஒரு அடி வைக்கும். நாம் சும்மா நின்றால் அவையும் நிற்கும். அதனால் அவசரமே இல்லை, ஒவ்வொரு அடிக்கும் வேண்டிய மட்டும் யோசிக்கலாம். ஆனால் செத்தால் செத்ததுதான். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்போது அறைகளும் வழிகளும் எல்லாமே வேறாக மாறியிருக்கும். கல்லூரி விடுதியில் படிப்பைக் கெடுத்துக்கொண்டு நான் ஆடியது இதைத்தான். பிறகு என் வாழ்க்கையையே அப்படித்தான் ஆடினேன் என்று நினைக்கிறேன். சரிப்படவில்லையா, அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு.

ஒரு மணி நேரத்தில் ஐந்து பேரின் விரல்களும் ஓட ஆரம்பித்தன. "டீச்சர், இந்த எலி என்னை விட மாட்டேங்குது" என்று ஒருத்தி. "உன் மூஞ்சிய பாத்து ஆசப்பட்டுக்கிச்சு" என்று இன்னொருத்தி. இந்த இரண்டாமவள் வகுப்பிலேயே பெரிய வாயாடி, அவளைப் பின்னால் மறுபடி சொல்வேன். எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

மறுநாள் என் கர்வம் போய்விட்டது. அந்த விளையாட்டில் ஒரு விசேஷம், முன்பு செத்த ஆளின் உடம்பு சில சமயம் அடுத்த ஆட்டத்திலும் கிடக்கும். அவன் வைத்திருந்த கத்தி, கவசம், மருந்து எல்லாம் பக்கத்திலேயே கிடக்கும். எடுத்துக்கொண்டால் பிழைக்கலாம். ஐந்து பேரில் ஒருத்தியும் எடுக்கவில்லை. உடம்பைக் கண்டதும் சுற்றிக்கொண்டு போய், வெறுங்கையோடு அடுத்த அறையில் செத்தார்கள். நான் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கத்தினேன். "கத்தி கீழே கிடக்குது, கண்ணு தெரியலையா? எடுங்க."

"செத்தவங்க சாமான எடுக்கக் கூடாது டீச்சர்" என்றாள் கடைசி மேசையில் இருந்தவள்.

"இது விளையாட்டும்மா."

"விளையாட்டுன்னா மட்டும் எடுக்கலாமா?"

அவளைப் பற்றித்தான் இவ்வளவும். முப்பது வயது இருக்கும், அதிகம் பேச மாட்டாள், பேசினால் என் கண்ணைப் பார்த்துப் பேசுவாள். அவள் புருஷன் நான்கு வருடம் முன்பு மரம் வெட்டும் வேலை என்று ஒரு மேஸ்திரியோடு ஆந்திரா பக்கம் போனவன். போனதோடு சரி. போனும் இல்லை, உடம்பும் இல்லை, கடைசியாகப் பார்த்தேன் என்று சொல்ல ஓர் ஆளும் இல்லை. மாமியார் வீட்டில் கருமாதி செய்துவிடலாம் என்கிறார்கள். செய்தால் தாலியைக் கழற்ற வேண்டும். அவர் சாகவில்லை, நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று இவள் ஒற்றையாக நின்றுகொண்டிருந்தாள். இவள் வாயால் சரி என்று சொல்லாமல் அவர்களும் செய்ய மாட்டார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்று அவள் இன்னொன்றும் கேட்டாள். "தழ போட ஒரு பொத்தான் இல்லியா டீச்சர்?"

மலைப்பாதையில் ஆள் செத்த இடத்தில், போகிற வருகிறவர்கள் ஒரு பச்சைத் தழையை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். பஸ் போகும் வழியில் ஒரு வளைவில் அப்படி ஒரு குவியல் உண்டு. தினமும் அதைக் கடந்துதான் போகிறேன், இறங்கிப் பார்த்ததில்லை. இந்த விளையாட்டில் அதெல்லாம் கிடையாது என்றேன்.

"எவ்ளோ பொத்தான் கீது, ஒண்ணுக்கு இல்லையா" என்றாள். பிறகு, "இந்த ரூமு திரும்ப வருமா? நாளைக்கு வந்து போடலாமா?"

"வராது. போனது போனதுதான். அதுதான் இந்த விளையாட்டு" என்றேன் வெடுக்கென்று. அது முழு உண்மை இல்லை என்று எனக்கே தெரியும். விளக்கிச் சொல்லப் பொறுமை இல்லை.

ஆனால் அந்தக் கேள்வி பஸ்ஸில் என்கூடவே இறங்கி வீட்டுக்கு வந்தது. இல்லாத பொத்தானை நாமே செய்தால் என்ன? மறுவாரம் முதல் காலையில் விண்ணப்பம், மதியம் விளையாட்டு செய்வது என்று மாற்றினேன். அறக்கட்டளைக்காரர்களிடம் சொல்லவில்லை.

பைத்தான் என்ற கணினி மொழியில் பத்து வரி. முதல் வாரம் முழுக்கத் திரை நடுவில் ஒரு @ நின்றது, வேறொன்றும் இல்லை. அம்புப் பொத்தானை அழுத்தினால் அது ஒரு கட்டம் நகர வேண்டும். நகர்ந்த அன்று வாயாடி சொன்னாள், "எங்க வூட்டு ஆளும் இப்டித்தான், தள்ளினாதான் நவுருவாரு." எல்லாரும் சிரித்தார்கள். கடைசி மேசைக்காரியும் சிரித்தாள். அடுத்த நிமிடம் அவளுடைய @ திரையின் ஓரத்தைத் தாண்டிப் போய்க் காணாமல் போயிற்று. சுவர் வைக்கும் பாடத்துக்கு நாங்கள் இன்னும் வரவில்லை, ஓரத்தில் தடுக்க ஒன்றும் இல்லை. அவள் அம்புப் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தினாள்.

"எங்க போய்ட்டாரு டீச்சர்?"

"எங்கயும் போகல. வெளியில இருக்கான், நமக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றேன்.

அவள் எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

அதன் பிறகு சுவரை அவள்தான் முதலில் முடித்தாள். நான்கு பக்கமும், ஓர் ஓட்டை இல்லாமல். அறைகளைத் தாறுமாறாகக் கட்டும் பாடம், கதவு, கரடி, பாம்பு. மற்றவர்கள் இரண்டு நாள் எடுத்ததை அவள் ஒரு மதியத்தில் செய்தாள். தழை போட, கீழ்வரிசையில் இருக்கும் நீளப் பொத்தான் என்று முடிவு செய்தோம். அழுத்தினால் @ நிற்கிற கட்டத்தில் இரட்டை மேற்கோள் குறி ஒன்று விழும், அதுதான் தழை. அது விழுந்த அன்று அவள் அதை இருபது தடவையாவது அழுத்தியிருப்பாள்.

சாவு வரும் பாடத்துக்காக நான் ஒரு பட்டியல் எழுதினேன். அடிபட்டு அடிபட்டு @-க்குப் பலம் தீர்ந்தால் திரையில் ஒரு வரி வரும். கணினி அந்தப் பட்டியலிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துக் காட்டும். 'கரடி அடித்துச் செத்தான்.' 'தேன் எடுக்கப் போய்ப் பாறையில் வழுக்கிச் செத்தான்.' 'பலாப்பழம் தலையில் விழுந்து செத்தான்.' மலைக்குத் தகுந்த மாதிரி இருக்கட்டும் என்று பஸ்ஸில் உட்கார்ந்தபடியே எழுதியது. அதில் ஒன்று, 'மரம் வெட்டப் போன இடத்தில் செத்தான், வீடு திரும்பவில்லை.' எழுதும்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அடிவாரத்தில் பிறந்தவள் நான். மேலேயிருந்து யார் யார் எதற்குப் போகிறார்கள், எத்தனை பேர் வருவதில்லை என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் எழுதினேன், அறிவுகெட்டவள்.

ஒரு நாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வாயாடிதான் கடைசி மேசைக்காரியின் புருஷன் கதையைச் சொன்னாள். "அவங்க மாமியா பாவம் டீச்சர். நாலு வருஷமா அழவும் முடில, சிரிக்கவும் முடில. இவ ஒத்துக்கினா அந்தக் கெழவி ஒரு தடவ வாய்விட்டு அழுதுட்டு படுக்கும். இவளயும் குத்தம் சொல்ல முடியாது. எந்த எடம்னு தெரியாம எங்க போய்த் தழ போடறது?"

வீட்டுக்குப் போனதும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் நினைத்தேன். அதற்கு மறுநாள் கடைசி மேசைக்காரி தன் கணினியில் செய்து வைத்திருந்ததைக் காட்டினாள். பலம் தீர்ந்தால் அவளுடைய ஆட்டத்தில் யாரும் சாகவில்லை. @ முதல் அறைக்குப் போய் நிற்கிறது, 'வூட்டுக்கு வந்துட்டான்' என்று ஒரு வரி வருகிறது. பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள். என் பட்டியலையே அவள் தொடவில்லை. அதனால் பிழைத்தேன் என்று நிம்மதியாகி, வரியை மறந்துவிட்டேன்.

ஆறு மாதம் முடியும்போது அறக்கட்டளையிலிருந்து நான்கு பேர் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். வீட்டாரையும் கூட்டி வரச் சொன்னார்கள். ஐந்து பேருடையதையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஆட்டமாக்கினேன். அறைகள் அவளுடையவை, தழை அவளுடையது, பிராணிகள் மற்றவர்களுடையவை. முடிவுக்கு வந்தபோது கை நின்றது. சாவே இல்லாத ரோக்லைக்கா? விவரம் தெரிந்தவர் யாராவது பார்த்தால் சிரிப்பார்களே. அவள் வரியை எடுத்துவிட்டு என் பட்டியலை மாட்டினேன். அவளிடம் கேட்கவில்லை. பட்டியலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று வகுப்பறையின் வெள்ளைச் சுவரில் புரொஜெக்டரைப் போட்டோம். அவளுடைய மாமியாரும் கொழுந்தனும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கிழவி சுவரில் விழுந்த வெளிச்சத்தையே வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முன்னால் நின்று பெருமையாகச் சொன்னேன்: "இதுல ஒரு வரிகூட நான் எழுதல. எல்லாம் இவங்களே எழுதினது." கைதட்டினார்கள். ஆடிக் காட்ட அவளை உட்கார வைத்தேன். நன்றாகத்தான் ஆடினாள். நாலாவது அறையில் இரண்டு கரடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். பலம் தீர்ந்தது. சுவரில் அரையாள் உயரத்துக்கு அந்த வரி வந்தது.

மரம் வெட்டப் போன இடத்தில் செத்தான், வீடு திரும்பவில்லை.

இருபத்தெட்டு வரிகள் இருந்தன அந்தப் பட்டியலில். பலாப்பழம் வந்திருக்கலாம்.

வந்தவர்களில் பெரியவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார், "இது நீங்க எழுதினதாம்மா?" அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்க வேண்டும். அது நான் எழுதினது, அவளுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. இவ்வளவுதான். ஆனால் ஒரு வரிகூட நான் எழுதவில்லை என்று பத்து நிமிடம் முன்புதான் நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தேன். வேலை ஒரு வருடத்துக்கு நீளுமா என்பது அந்த நாலு பேர் கையில் இருந்தது. நான் குனிந்து புரொஜெக்டர் வயரைச் சரிசெய்தேன். வயரில் ஒரு கோளாறும் இல்லை.

"சொந்த வாழ்க்கையிலேர்ந்து எழுதியிருக்காங்க" என்றார் அந்தப் பெரியவர். மறுபடி கைதட்டினார்கள்.

கிழவிக்குப் படிக்க வராது. கொழுந்தன் அவள் காதில் படித்துச் சொன்னான். கிழவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். கொழுந்தன் வாசலில் நின்று, மரியாதையாகத்தான் சொன்னான்: "நீங்களே எழுதிட்டீங்க அண்ணி. அம்மா கேட்டுக்கினே இருந்தது, நீங்க வாயத் தொறக்கல. எழுத்துல குடுத்துட்டீங்க. இனிமே நாங்க பாத்துக்கிறோம்."

அப்போதும் நான் அங்கேதான் நின்றேன்.

கருமாதி அடுத்த வாரமே நடந்தது. உடம்பு இல்லாததால் அவனுடைய சட்டை ஒன்றை வைத்துச் செய்தார்களாம். வாயாடி சொன்னாள். நாளை போய்ச் சொல்லிவிடலாம் என்று தினமும் பஸ் ஏறினேன். வகுப்பைத் தாண்டி அவர்கள் ஊருக்கு நடந்துபோக முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு நாள் பாதி வழி போய்த் திரும்பினேன். பாவசங்கீர்த்தனத்தில் எங்கள் கோயில் சாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார், சொன்னேன். பாரம் குறையவில்லை.

அவள் ஒரு மாதம் கழித்து வந்தாள். புது வகுப்பு தொடங்கியிருந்தது, சாப்பாட்டு நேரம், அறையில் நான் மட்டும் இருந்தேன். கழுத்து வெறுமையாக இருந்தது. அவள் கடைசி மேசையில் போய் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு செவுத்துல வந்துச்சே டீச்சர், அந்த ரூமு. அது நெஜமாவே திரும்ப வராதா?"

வரும் என்றேன். முதல் தடவை அவள் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டியதை அப்போது சொன்னேன். கணினி தனக்குத் தோன்றியபடி அறைகளைக் கட்டுவதுபோல் இருந்தாலும் அதற்குப் பின்னால் ஓர் எண் இருக்கும். அதே எண்ணைக் கொடுத்தால் அதே அறைகள், அதே கதவுகள். ஒவ்வொரு சாவின்போதும் அந்த எண்ணும், செத்த கட்டமும் ஒரு கோப்பில் பதிவாகும்படி நாங்கள் எழுதியிருந்தோம். கோப்பைத் திறந்தேன். அன்றைய எண் இருந்தது. அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வோர் இலக்கமாகப் பார்த்து அவளே அடித்தாள்.

சுவரில் பார்த்த அதே முதல் அறை வந்தது. கரடிகளை நான் எடுத்துவிட்டேன். அவள் ஒவ்வொரு கட்டமாக, நின்று நின்று போனாள். இரண்டாவது அறை, மூன்றாவது அறை. நாலாவதில் கதவைத் தாண்டியதும் அந்த உடம்பின் குறி தெரிந்தது. @ அதன் பக்கத்தில் போய் நின்றது. அவள் கை பொத்தான்மேல் அசையாமல் இருந்தது.

இதற்கு மேல் தாங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அந்த வரி நான் எழுதினது. உன் வரிய எடுத்துட்டு நான்தான் மாட்டினேன். அன்னிக்கே எழுந்து சொல்லியிருக்கணும்."

"தெரியும் டீச்சர்" என்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் எழுதி இருந்தா அவரு வூட்டுக்கு வந்திருப்பாரு. நீங்க சொல்வீங்கன்னுதான் உங்களயே பாத்துக்கினு இருந்தேன். நீங்க வயர நோண்டிக்கினு இருந்தீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு நீளப் பொத்தானை அழுத்தினாள். அந்தக் கட்டத்தில் ஒரு தழை விழுந்தது. எண் எழுதிய தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மாமியா வெளில நிக்குது. அதுவும் ஒண்ணு போடணும்னு சொல்லுது. இட்டுனு வரட்டுமா?"

நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.